பாரிஸ், சுவிஸ், இத்தாலி: ரயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

கேள்வி: மே மாதம் நான், கணவர், 15 வயது மகள், 10 வயது மகன் நால்வரும் ஐரோப்பா போகிறோம். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி பாரிஸ், சுவிஸில் நான்கு நாள் லூசர்ன், இன்டர்லாக்கன், பிறகு இத்தாலியில் வெனிஸ், ஃப்ளோரன்ஸ் பார்த்துவிட்டு ரோமில் விமானம் ஏறுகிறோம். ஊருக்கு ஊர் ரயில்தான். பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து இத்தனை பயண நாள் என்று விற்கும் யூரெயில் பாஸை வாங்கிவிட்டால் எந்த ரயிலிலும் இஷ்டத்துக்கு ஏறலாம் என்கிறார்கள் போய்வந்த நண்பர்கள். தனித்தனியாக வாங்கினால்தான் மலிவு என்கிறான் என் தம்பி. எதைக் கேட்பது? முதல் வகுப்பு எடுக்கலாமா?
– கோவை வாசகி

பதில்: உங்கள் வழித்தடத்துக்குத் தம்பி சொல்வதுதான் சரி. நண்பர்கள் சொன்னதும் பொய்யாக இருக்காது. அவர்கள் எந்தப் பக்கம் சுற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா பக்கம் போயிருந்தால் அவர்கள் அனுபவம் வேறுதான்.

முதலில் விலை எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் பெரும்பாலான ரயில்களுக்கு 60 நாள் முன்பு வாங்கினாலும் முந்தின வாரம் வாங்கினாலும் ஒரே கட்டணம். ஐரோப்பாவின் அதிவேக ரயில்களில் விமான டிக்கெட் போல விலை ஏறிக்கொண்டே போகும். ஆம்ஸ்டர்டாம்–பாரிஸ் யூரோஸ்டார் ரயிலை இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் ஒருவருக்கு 50, 60 யூரோவில் முடிக்கலாம். புறப்படும் வாரத்தில் அதே இருக்கை 100 யூரோவைத் தாண்டிவிடும். தேதியை முன்கூட்டியே முடிவு செய்கிறவருக்குத் தனி டிக்கெட் லாபம், கடைசி நேரத்தில் முடிவெடுப்பவருக்குப் பாஸ் லாபம் என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான்.

நீங்கள் எந்த ரகம்? விசாவுக்காக ஹோட்டல் தேதிகளை எல்லாம் ஏற்கெனவே போட்டிருப்பீர்கள். எந்த நாள் எந்த ஊர் என்பது தெரிந்துவிட்டது. அப்படியிருக்க, மாற்றப்போகாத திட்டத்துக்கு ‘எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்ற வசதியைக் காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நீங்கள் போகும் வழியில் அந்த வசதியே பாதிதான் கிடைக்கும். யூரோஸ்டார், பாரிஸிலிருந்து சுவிஸ் போகும் டிஜிவி லிரியா, இத்தாலியின் அதிவேக ரயிலான ஃப்ரெச்சரோசா, சுவிஸ்–இத்தாலி எல்லை தாண்டும் யூரோசிட்டி எல்லாவற்றிலும் பாஸ் வைத்திருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம். ஃப்ரெச்சரோசாவில் ஒவ்வொரு முறை ஏறவும் ஒருவருக்குச் சுமார் 13 யூரோ. யூரோஸ்டாரில் 30 யூரோ அளவில். பெரியவரோடு வரும் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாஸ் இலவசம் என்பது உண்மைதான், ஆனால் இந்த முன்பதிவுக் கட்டணம் உங்கள் மகனுக்கும் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

அதோடு யூரோஸ்டாரும் டிஜிவியும் பாஸ்காரர்களுக்கென்று குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகளைத்தான் ஒதுக்குகின்றன. மே மாதச் சனிக்கிழமை காலை ரயிலில் சாதாரண டிக்கெட் விற்பனையில் இருக்கும். பாஸ்காரர் ஒதுக்கீடு மட்டும் தீர்ந்திருக்கும். கையில் பாஸை வைத்துக்கொண்டு முழு விலை டிக்கெட் வாங்கும் நிலை வரும். ஆக, பாஸ் வாங்கினாலும் மாதக்கணக்கில் முன்னதாகவே இருக்கையைப் பிடித்தாக வேண்டும்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் ரயிலேறும் நாட்கள் ஆறு. ஆறு நாள் பாஸ் என்று ஒன்று கிடையாது. 4, 5, 7, 10, 15 என்றுதான் விற்கிறார்கள். ஏழு நாள் பாஸ் இரண்டாம் வகுப்பில் பெரியவருக்கு 380 யூரோ அளவில். மகள் இளையோர் பாஸில் வருவதால் அவளுக்குக் கால் பங்கு தள்ளுபடி. மூவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,050 யூரோ. முன்பதிவுக் கட்டணம் தலைக்கு 100 யூரோ என்று வைத்தால் நால்வருக்கு 400. மொத்தம் 1,450 யூரோவைத் தொடுகிறது. அவ்வப்போது வரும் தள்ளுபடி விற்பனையில் பிடித்தால் கொஞ்சம் குறையும்.

தனி டிக்கெட்டில் ஆம்ஸ்டர்டாம்–பாரிஸ், பாரிஸ்–பாசெல் (சுவிஸ் எல்லை ஊர்), இன்டர்லாக்கன்–மிலான், மிலான்–வெனிஸ், வெனிஸ்–ஃப்ளோரன்ஸ், ஃப்ளோரன்ஸ்–ரோம் எல்லாம் சேர்த்து, முன்கூட்டியே எடுத்தால் ஒருவருக்கு 220 யூரோ அளவில் வரும். நால்வருக்கு 900க்குள். விலைகள் நாளுக்கு நாள் மாறும் என்பதால் இதை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிஸ் உள்நாட்டுப் பயணம் இதில் சேரவில்லை. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பயணத்தில் கையைக் கடிக்கப்போவது அந்த நான்கு நாள்தான்.

சுவிஸில் சாதாரண ரயில் கட்டணமே அதிகம். மலை ரயில் இன்னும் அதிகம். யுங்ஃப்ராவ்யோக் உச்சிக்கு இன்டர்லாக்கனிலிருந்து போய்வர ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல் ஆகும். வெளிநாட்டவருக்கு அங்கே இரண்டு வழி. சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், பஸ், ஏரிப் படகு, அருங்காட்சியகம் எல்லாம் அடக்கம். நான்கு நாளுக்குச் சுமார் 300 பிராங்க். இன்னொன்று ஹாஃப் ஃபேர் கார்டு. 150 பிராங்க் கொடுத்தால் ஒரு மாதத்துக்கு ரயில், பஸ், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றுக்கும் பாதிக் கட்டணம்.

பலரும் யோசிக்காமல் டிராவல் பாஸ் எடுக்கிறார்கள். யுங்ஃப்ராவ்யோக் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். டிராவல் பாஸ் வழியிலுள்ள மலைக் கிராமங்களான கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் இலவசம். அதற்கு மேலே உச்சி வரை, அதாவது காசு அதிகமான பகுதிக்கு, 25 சதவீதம் மட்டுமே தள்ளுபடி. ஹாஃப் ஃபேர் கார்டுக்கோ கீழிருந்து உச்சி வரை பாதி. லூசர்ன் பக்கத்து டிட்லிஸ் மலையில் இரண்டுக்கும் ஒரே 50 சதவீதம். யுங்ஃப்ராவ்யோக், டிட்லிஸ் இரண்டும் உங்கள் திட்டத்தில் இருந்தால் ஹாஃப் ஃபேர் கார்டுதான் என் ஓட்டு. பெரிய சிகரங்களை விட்டுவிட்டு தினமும் ரயில், படகு, ரீகி மலை என்று சுற்றுவதாக இருந்தால் மட்டும் டிராவல் பாஸ். ரீகி அதில் முழு இலவசம்.

எதை எடுத்தாலும் சுவிஸ் ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்குங்கள். காசு கிடையாது. பெற்றோருடன் வரும் 16 வயது நிரம்பாத பிள்ளைகள் அதில் இலவசமாகப் பயணிக்கலாம். மகளுக்குப் பயண நாளன்று 16 முடிந்திருக்கக் கூடாது, பிறந்தநாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். யூரெயிலில் மகளுக்கு 280 யூரோ ஆகும் இடத்தில் இங்கே சைபர். பெற்றோருக்கு இரண்டு ஹாஃப் ஃபேர் கார்டு, பாசெல்–லூசர்ன், லூசர்ன்–இன்டர்லாக்கன் பாதிக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் உங்கள் மொத்தச் செலவு யூரெயில் கணக்குக்குக் கீழேதான் நிற்கிறது, அதுவும் மலை டிக்கெட் பாதி விலையில் கிடைக்கும் நிலையில்.

தனி டிக்கெட்டில் ஒரு கஷ்டம் இருக்கிறது. மலிவு டிக்கெட் என்றால் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். தவறவிட்டால் போச்சு. அதனால் அதிகாலை ரயில்களை எடுக்காதீர்கள். குழந்தைகளோடு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஏழு மணி வண்டியைப் பிடிப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. பாரிஸில் நீங்கள் வந்து இறங்குவது கார் து நோர் நிலையம். சுவிஸ் ரயில் புறப்படுவது கார் து லியோன். இரண்டும் வேறு வேறு இடம். ஹோட்டலிலிருந்து எந்த நிலையத்துக்குக் கிளம்புகிறீர்கள் என்பதை முதல் நாளே பார்த்து வைத்துவிடுங்கள். இன்டர்லாக்கனிலிருந்து கிளம்பும்போது ஸ்பீட்ஸில் வண்டி மாறி யூரோசிட்டி ஏற வேண்டும். லூட்ச்பெர்க், சிம்ப்ளான் சுரங்கங்களைத் தாண்டி மிலான் போய்விடும். அங்கே வெனிஸ் ரயிலுக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டும் வேறு வேறு டிக்கெட்டாக இருந்தால், முதல் வண்டி தாமதமானதற்கு இரண்டாவது வண்டிக்காரர் பொறுப்பேற்பார் என்று நம்ப முடியாது.

எப்போது வாங்குவது? ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா கையில் வருமுன் பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். வந்ததும் முதலில் யூரோஸ்டாரும் லிரியாவும், விலை வேகமாக ஏறுவது அவைதான். அடுத்து யூரோசிட்டியும் இத்தாலி அதிவேக ரயில்களும். சுவிஸ் உள்ளூர் டிக்கெட்டை அங்கே போயே எடுக்கலாம். முடிந்தவரை அந்தந்த ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள், இடைத்தரகர் தளங்கள் பல சேவைக் கட்டணம் பிடிக்கும். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்து வைக்காவிட்டால் கார்டு கடைசிப் படியில் போய் நிற்கும்.

ஃப்ளோரன்ஸிலிருந்து பைசா கோபுரம் பார்க்கப் போனால் அதற்கு முன்பதிவே வேண்டாம். பிராந்திய ரயிலில் என்றைக்கு வாங்கினாலும் ஒரே விலை, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நிலையத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் சொருகி முத்திரை பதித்துக்கொள்ளுங்கள். மறந்தால் அபராதம், சுற்றுலாப் பயணி என்று விடமாட்டார்கள்.

அப்படியென்றால் பாஸ் யாருக்கு? ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் இஷ்டத்துக்குச் சுற்றுகிறவர்களுக்கு. அங்கே பெரும்பாலான பகல் ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை. காலையில் மழை என்றால் ஊரையே மாற்றிக்கொள்ளலாம். தினம் ஒரு ஊர் போகும் 27 வயது வரையுள்ளவர்களுக்கு, இளையோர் பாஸ் என்பதால், இன்னும் லாபம். ஜெர்மனியில் படிக்கும் உறவுப் பிள்ளைகள் கேட்டால், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு யூரெயில் இல்லை, இன்டர்ரெயில்தான் என்று சொல்லிவிடுங்கள். வசிக்கும் நாட்டுக்குள் அதை வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள்தான் பயன்படுத்த முடியும்.

முதல் வகுப்பு வேண்டாம். உங்கள் வழியில் மிக நீண்ட வண்டிகளே மூன்று நான்கு மணி நேரம்தான், இரண்டாம் வகுப்பே வசதியாக இருக்கும். ஒரு விதிவிலக்கு சொல்கிறேன்: ஃப்ரெச்சரோசா, லிரியாவில் சில சமயம் முதல் வகுப்புக்கு ஐந்து, பத்து யூரோதான் வித்தியாசம் காட்டும். அப்படிக் கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள், பெட்டி வைக்க இடத்துக்கு அலைய வேண்டியிருக்காது.