எக்ஸோமில் பிழை இல்லை, விரல்கள் மட்டும் ஏன் குட்டை?

கேள்வி: மகளுக்குப் பிறவியிலேயே கைவிரல்கள் குட்டை. எக்ஸோம் பரிசோதனையில் (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிப்பது) எதுவும் தெரியவில்லை. குரோமோசோம் துண்டுகள் குறைந்தோ கூடியோ உள்ளனவா என்று பார்க்கும் மைக்ரோஅரே சோதனையில், 2-ஆம் குரோமோசோமின் ஒரு பிரதியில் ஈபிஎச்ஏ4 மரபணுவும் அதை ஒட்டிய பகுதியும் இல்லை என்று வந்திருக்கிறது. அந்த மரபணு போனதுதான் காரணமா? அடுத்து என்ன செய்வது?

பதில்: மரபணு போனதைவிட, அதோடு சேர்ந்து ஓர் எல்லை போனதா என்பதே முக்கியம்.

நம் டிஎன்ஏ உட்கருவுக்குள் வளையம் வளையமாக மடிந்து, 'டாட்' எனப்படும் வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. கோஹெசின் புரதம் இழையை இழுத்து வளையமாக்கும். சிடிசிஎஃப் புரதம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது நிற்கும். அதுதான் எல்லை, வயலுக்கு வரப்பு மாதிரி. கருவில் கை உருவாகும்போது ஈபிஎச்ஏ4-ஐ முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டுகளான என்ஹான்சர்கள் அந்த வட்டாரத்துக்குள்ளேயே வேலை செய்யும். எல்லை அழிந்தால், அவை அடுத்த வட்டாரத்திலுள்ள பாக்ஸ்3 மரபணுவைத் தொட்டு, கையில் வேண்டாத இடத்தில் அதை இயக்கிவிடும். விரல் குட்டையாகிறது. பாக்ஸ்3-இன் எழுத்துகளில் ஒன்றுகூட மாறியிருக்காது. எக்ஸோம் படிப்பது ஜீனோமில், அதாவது நம் முழு டிஎன்ஏவில், ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம்தான். எல்லை அதற்கு வெளியே கிடக்கிறது.

பெர்லினில் மரபியல் ஆய்வாளர் ஸ்டெஃபான் முண்ட்லோஸின் குழு 2015-இல் இதைச் சுண்டெலியில் சோதித்தது. மரபணுவையும் எல்லையையும் சேர்த்து நீக்கியபோது பாக்ஸ்3 தவறாக இயங்கியது. எல்லையை விட்டுவைத்து நீக்கியபோது இயங்கவில்லை.

ஆகவே, அறிக்கையில் இழப்பு தொடங்கும், முடியும் எண்களை மரபியல் மருத்துவரிடம் காட்டி, எல்லை அதற்குள் வருகிறதா என்று கேளுங்கள். அந்த எண்கள் எந்த ஜீனோம் மாதிரி வரைபடப் பதிப்பின்படி, 37-ஆ 38-ஆ என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பதிப்பு மாறினால் எண்கள் நகர்ந்து, இருக்கும் எல்லை இல்லாததுபோலத் தெரியலாம். தலைகீழாகத் திரும்பிய துண்டுகளை மைக்ரோஅரே காட்டாது. சந்தேகம் மிஞ்சினால் முழு ஜீனோம் வரிசைப்படுத்தலில் கட்டமைப்பு மாற்றங்களையும் ஆராயக் கேளுங்கள்.

மடிப்பையே அளக்கும் ஹை-சி சோதனை பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் நடக்கிறது. அதற்குச் சேமித்துவைத்த டிஎன்ஏ உதவாது. பிரித்தெடுத்த கணமே மடிப்பு கலைந்துவிடும். முழு செல்களை ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தியாக வேண்டும். ரத்த செல்லில் எல்லைகள் பெரும்பாலும் தெரியும். கருவின் கையில் எந்த என்ஹான்சர் இயங்கியது என்பது தெரியாது.

பெற்றோர் இருவருக்கும் அதே பகுதியைச் சோதியுங்கள். இந்த இழப்பு ஒருவரிடம் இருந்தால், அது குழந்தைக்கு வர ஒவ்வொரு கர்ப்பத்திலும் 50 சதவீத வாய்ப்பு. இருவரிடமும் இல்லையென்றால் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யமல்ல. கருமுட்டையிலோ விந்தணுவிலோ மட்டும் அது ஒளிந்திருக்கலாம்.