மறக்கத் தெரிந்த எறும்புகள்: கேள்வி பதில்

கேள்வி: பார்வை மங்கிய எறும்புகள் குறுகிய பாதையை எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

பதில்: தனியொரு எறும்பு எதையும் கண்டுபிடிப்பதில்லை. 1989இல் பிரசெல்ஸ் ஆய்வாளர்கள் அர்ஜென்டினா எறும்புகளின் கூட்டுக்கும் இரைக்கும் நடுவே இரண்டு கிளைகளுள்ள பாலம் ஒன்றை வைத்தார்கள். ஒரு கிளை மற்றதைப் போல இரு மடங்கு நீளம். குட்டைக் கிளையில் போனவை முதலில் திரும்பியதால், அதில் பெரோமோன் (எறும்புகள் வழியில் விட்டுச்செல்லும் வாசனைப் பொருள்) தடம் விரைவாகச் சேர்ந்தது. பின்வந்தவை அதையே நாடின.

கேள்வி: இதைக் கணினிக்கு எப்படிக் கொண்டு வந்தார்கள்?

பதில்: மிலானில் மார்கோ டோரிகோ தமது முனைவர் பட்ட ஆய்வில் (1992) இதை, பல ஊர்களுக்கும் ஒருமுறை சென்று திரும்பும் குறுகிய சுற்றுவழியைத் தேடும் வழிமுறையாக்கினார். நிரலிலுள்ள கற்பனை எறும்பு நிற்கும் ஊரிலிருந்து 2 கி.மீ.யில் ஓர் ஊர், தடத்தின் அளவு 1, 4 கி.மீ.யில் இன்னோர் ஊர், தடம் 3 என்று கொள்ளுங்கள். தடத்தைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முறையே 0.25, 0.1875 கிடைக்கும், இவற்றின் கூட்டுத்தொகையில் 0.25இன் பங்குதான் அருகிலுள்ள ஊருக்குச் செல்லும் வாய்ப்பு, அதாவது 57 விழுக்காடு. சுற்று முடிந்ததும், மொத்த நீளம் குறைவாக உள்ள பயணத்துக்கு அதிகத் தடம் இடப்படும்.

கேள்வி: நான் எழுதிய நிரலில் சில சுற்றுகளிலேயே எல்லா எறும்புகளும் ஒரே வழியில் போகின்றன, அதற்குமேல் விடை மேம்படவில்லை.

பதில்: ஆவியாதல் விகிதத்தை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் தடத்தில் எவ்வளவு அழிக்கப்படுகிறது என்பதை, முதலில் பாருங்கள். பிரசெல்ஸ் சோதனையின் மறுபாதியை அதிகம் பேர் சொல்வதில்லை: முதலில் நீளக் கிளையை மட்டும் திறந்து, அரை மணி நேரம் கழித்துக் குட்டைக் கிளையைச் சேர்த்தபோது, பெரும்பாலான எறும்புகள் பழைய நீளப் பாதையை விடவே இல்லை, ஏனெனில் அவற்றின் தடம் அவ்வளவு சீக்கிரம் மறைவதில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போம். நிரலிலோ தடம்தான் தேய வேண்டும். டோரிகோவின் முதல் வடிவத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் பாதித் தடம் அழிக்கப்பட்டது. அதுவும் போதாவிட்டால், ஷ்டூட்ஸ்லே, ஹூஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட முறைப்படி தடத்துக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் வையுங்கள். எந்த வழியும் அடியோடு கைவிடப்படாது.

கேள்வி: பொருள் விநியோகத்துக்கு இதை நம்பலாமா?

பதில்: 20 இடங்களுக்கே ஏறத்தாழ 608 கோடி கோடி சுற்றுவழிகள் உண்டு என்பதால், நல்ல விடை கிடைக்கும், மிகச் சிறந்தது என்ற உத்தரவாதம் கிடைக்காது. தூரம் மட்டுமே கணக்கு என்றால் எறும்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 85,900 புள்ளிகள் கொண்ட இத்தகைய சிக்கலுக்கே வேறு முறையில் 2006இல் துல்லியமான விடை கண்டுவிட்டார்கள். நடுவழியில் சாலை அடைபட்டாலோ, புதிய முகவரி சேர்ந்தாலோ, முதலிலிருந்து தொடங்காமல் மிஞ்சிய தடத்திலிருந்தே தொடரலாம் என்பதற்காக வேண்டுமானால் முயன்று பாருங்கள்.