அலாரத்துக்கு முந்தைய இரவு: விடிகாலை எழுத்து பற்றிய கேள்வி பதில்

தினமும் விடிகாலையில் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீட்டில் மாமியார், கணவர், பிளஸ் டூ படிக்கும் மகள். பதினைந்து வருடமாகக் காலை நாலே முக்காலுக்குச் சமையலறை மேடைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கதை, கடிதம், சும்மா தோன்றியது, எல்லாமும்தான்.

கோவையிலிருந்து ஒருவர்: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எனக்கு முப்பது நாள் ஆகிவிட்டது, இன்னும் அலாரம் அடித்தால் எரிச்சலாக வருகிறது. என்னிடம்தான் கோளாறா?

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. அந்த 21 நாள் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். வாய்க்கு வாய் மாறி வந்ததில் 'குறைந்தது' உதிர்ந்துபோய், 21 மட்டும் நின்றுவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமல் தானாக வருவதற்கு நடுவாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டிய நாட்கள் கணித்துச் சொன்னவை). ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற சின்னப் பழக்கம் சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சி தாமதமானது. எழுதுவது தண்ணீர் குடிப்பது மாதிரி இல்லையே! எனக்கு நாலு மாதம் பிடித்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். அதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: அம்மா, பிரம்ம முகூர்த்தத்தில்தான் உட்கார வேண்டுமா?

ஐயா, 'வைகறைத் துயில் எழு' என்று ஔவையார் சொன்னதை வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். அந்த நேரத்தின் அமைதி உண்மைதான், நானே அனுபவிக்கிறேன். ஆனால் பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்தோடு சேர்ந்து நகரும். உதயத்துக்கு நாலு நாழிகை, அதாவது 96 நிமிடம் முன்பு தொடங்குகிறது. உங்கள் பக்கம் ஜனவரி கடைசியில் அது சுமார் ஐந்து மணி, மே கடைசியில் சுமார் நாலு மணி ஐந்து நிமிடம். பழக்கத்துக்கு இப்படி ஓடுகிற நேரம் ஒத்து வராது. கடிகாரத்தில் ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

அந்த நேரத்தையும் பின்னாலிருந்து எண்ணித்தான் பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. ஐந்துக்கு எழ வேண்டுமானால் பத்துக்குள் தூங்கியிருக்க வேண்டும். இரவு பதினொன்றரை வரை டிவி ஓடுகிற வீட்டில் ஐந்து மணி அலாரம் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் உடம்பு விழுந்துவிடும். நான் முதல் இரண்டு தடவை விட்டதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது தடவை காலையைத் தொடவே இல்லை. பதினைந்து நாள் இரவுச் சாப்பாட்டை மட்டும் முக்கால் மணி நேரம் முன்னால் கொண்டு வந்தேன். எழுவது அதற்குப் பின்னாலேயே வந்தது.

மதுரை, கல்லூரி மாணவர்: எழுந்துவிடுகிறேன் அக்கா. ஆனால் அரை மணி நேரம் மூளையே வேலை செய்வதில்லை.

தம்பி, அது எல்லோருக்கும் உள்ளதுதான். விழித்த பிறகும் மூளையில் தூக்கம் பாதி மிச்சம் இருக்கும். பதினைந்து நிமிடம் முதல் அரை மணி வரை, சிலருக்கு ஒரு மணி நேரம்கூட. அந்த நேரத்தில் புதிதாக எதையும் யோசிக்காதே. முகம் கழுவு, நல்ல வெளிச்சமாக விளக்கைப் போடு, நேற்று எழுதியதன் கடைசி மூன்று வரியை அப்படியே கையால் காப்பி எடு. கை ஓட ஆரம்பித்தால் நாலாவது வரி பெரும்பாலும் தானே வந்துவிடும். உன் வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் பின்தங்கி ஓடும். ஆறரைக்கு எழுதினாலும் அது காலை எழுத்துதான்.

திருச்சி, இரண்டு வயதுக் குழந்தையின் அம்மா: நான் எழுந்தால் பையனும் எழுந்துவிடுகிறான். பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மகளின் அந்த வயசு ஞாபகம் வந்தது. டோனி மாரிசன், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க நாவலாசிரியர், விடியுமுன் எழுதப் பழகியதே சின்னப் பிள்ளைகளால்தான் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் 'அம்மா' என்று கூப்பிடுவதற்கு முன்னால் கிடைக்கிற நேரம் அவருக்கு வேண்டியிருந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். அலாரச் சத்தத்தை அணைத்துவிட்டு, போனை வைப்ரேட்டரில் போட்டு என் தலையணைக்கு அடியில் வைத்தேன். எழுந்த இடத்தில் என் பழைய சேலையைச் சுருட்டி அவள் பக்கத்தில் வைத்துவிடுவேன், வாசனைக்கு. ஃபில்டரில் டிகாக்ஷனை இரவே இறக்கி வைத்துவிடுவேன், பாத்திரம் உருட்ட வேண்டியதில்லை. நோட்டும் பேனாவும் ஃபில்டர் பக்கத்திலேயே, பேனா மூடியைக் கழற்றி, எழுத வேண்டிய பக்கத்தில் செருகியபடி இருக்கும். இருட்டில் கை போனால் தட்டுப்பட வேண்டும். அப்படியும் வாரத்தில் மூன்று நாள் எழுந்துவிடுவாள். அந்த மூன்று நாளும் மடியில் படுக்க வைத்துக்கொண்டு இரண்டு வரி எழுதினேன். அதை எழுதாத நாளாக நான் கணக்கு வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.

வாரம் இரண்டு நாளாவது உங்கள் வீட்டுக்காரர் எழுந்து பிள்ளையைப் பார்க்கட்டும். கேட்டு வாங்குங்கள்.

சென்னை, இரவு ஷிப்ட் பார்ப்பவர்: காலை ஆறுக்குத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

வந்ததும் தூங்குங்கள். மத்தியானம் இரண்டுக்கு எழுந்தால் உங்களுக்கு அதுதான் விடிகாலை. எழுந்ததும் போனைத் தொடும் முன் எழுதுங்கள், போதும்.

ஈரோடு: உட்கார்ந்துவிடுகிறேன். பக்கம் வெள்ளையாக இருக்கிறது. என்ன எழுதுவது?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். நான் நம்புகிற வழி ஒன்று: முந்தைய நாளே பாதியில் நிறுத்திவிடுவது. அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்திலேயே எழுந்துவிட வேண்டும் என்று அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். அவரும் விடிந்தும் விடியாமலும் எழுதியவர்தான். நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துகிறேன். போன வாரம் ஒரு நாள், 'அத்தை கதவைத் திறந்தபோது அவள் கையில்' என்பதோடு நோட்டை மூடிவிட்டேன். கையில் என்ன என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில், கவுண்டரில், ராத்திரி சப்பாத்தி மாவு பிசையும்போது, நாள் முழுக்க அது கூடவே வந்தது. மறுநாள் காலை நோட்டைத் திறந்ததும் 'ஒரே ஒரு வெள்ளிக் கொலுசு' என்று எழுதினேன். அன்று இரண்டரைப் பக்கம்.

கதை எழுதாதவர்கள் நடந்ததை எழுதலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி வியாபாரம், ஊர் வம்பு வழக்கு, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று எல்லாம் அந்தக் காலப் பேச்சுத் தமிழ் கலந்து இருக்கும். அன்று அது அவருக்குத் தினசரிச் சங்கதி, இன்று நமக்கு வரலாறு. உங்கள் தெருவில் நேற்று நடந்ததை உங்களைத் தவிர யாரும் எழுதப் போவதில்லை.

தோஹாவிலிருந்து: ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை?

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் தபால் துறை வேலைக்குப் போகும் முன், காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை எழுதினார். அது பல வருடம் உழைத்துப் பழகிய கை. தொடங்குகிறவர்கள் ஐந்து வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலும் முடிகிற அளவாக இருக்க வேண்டும். நன்றாக வருகிற நாளில் அதிகமாக எழுதுங்கள், ஆனால் மறுநாள் அளவு மீண்டும் ஐந்து வரிதான். நேற்று இரண்டு பக்கம் எழுதினோமே என்று அளவை ஏற்றினால் ஒரு மாதத்தில் உட்காரவே பயம் வந்துவிடும்.

சேலம்: போனில் எழுதலாமா?

கை வலி, கண் பிரச்சினை உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். மற்றவர்கள் வேண்டாம். திறந்ததும் வாட்ஸ்அப் குட்மார்னிங் வந்து நிற்கும், அதோடு அந்தக் காலை போயிற்று. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். சீக்கிரம் தீர்ந்துபோகும், தீர்ந்த நோட்டைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

தஞ்சாவூர்: வீட்டில் 'இதையெல்லாம் யார் படிக்கப் போறா' என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் சொல்ல வேண்டாம். என் மாமியாரும் முதல் வருடம் கேட்டார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் கோலம் போட எழுந்து வருவார், லைட் எரிவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். இரண்டாவது வருடம் ஒரு நாள், தான் பிறந்த ஊரில் குளம் உடைந்த கதையை நின்றபடியே சொல்லிவிட்டு, 'இதையும் எழுதி வையி' என்றார்.

நாகர்கோவில்: அப்பா இறந்து இரண்டு மாதமாக எழுதவில்லை. எப்படித் திரும்புவது?

உங்கள் துக்கத்துக்கு என் வணக்கம். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து, பிறகு போனபோது, எனக்கும் எழுபது நாள் விட்டுப்போனது. ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்புகளிலும் நாட்கள் விடுபட்டுத்தான் இருக்கின்றன. விட்ட நாட்களை எழுதி நிரப்பப் பார்க்காதீர்கள். அப்பாவைப் பற்றி உடனே எழுத வேண்டும் என்றும் இல்லை.

நான் முதல் வாரம் தேதியை மட்டும் எழுதினேன். பேனாவைத் திறந்து, தேதி எழுதி, மூடி, எழுந்துவிடுவேன். எட்டாவது நாள் தேதிக்குக் கீழே, 'மழை. பால் இன்னும் வரவில்லை. அம்மாவின் டம்ளரில் காபி குடித்தேன்' என்று வந்தது.