தீராத நோயோடு வாழும்போது கிறிஸ்தவ விசுவாசமும் சபையும் நிஜமாகவே உதவுமா?

கேள்வி கேட்டவர் தனக்குப் பல வருடங்களாக ஒரு நோய் இருப்பதாகவும், எவ்வளவோ ஜெபித்தும் சுகமாகவில்லை என்றும், சபைக்குப் போனால் "விசுவாசியுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். உதவுமா என்றால், எனக்கு உதவியிருக்கிறது, இன்றைக்கும் உதவுகிறது. ஆனால் எந்த விதத்தில் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சுகமளிக்கும் கூட்டங்களில் கேட்கிற சாட்சிகளுக்கும் எங்களைப் போன்றவர்களின் அன்றாடப் பாடுகளுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

எனக்கு முடக்குவாதம். பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிறது. வயதாகி வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு; முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து சில வருடங்களில் ஆரம்பித்தது. காலையில் எழும்போது விரல்கள் மடங்காது. ஜாக்கெட் கொக்கி போட வராது, இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்க வராது, தண்ணீர் பாட்டிலைத் திறக்க மகளைக் கூப்பிட வேண்டும். ஜெபிக்கலாம் என்று கைகூப்பினால் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றோடொன்று சேராது. வெந்நீரில் கையை வைத்து வைத்து, மணி எட்டரையாகும்போது ஒருவழியாகச் சரியாகும். அப்புறம் பள்ளிக்கூடத்தில் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்" என்பார்கள்.

மருந்து நோயை அடக்கி வைக்கும், அடியோடு எடுக்காது. அதனால் "எப்போது குணமாகும்?" என்ற கேள்வியே எங்களுக்குப் பொருந்தாது. சபையில் பலருக்குப் புரியாததும் இதுதான். காய்ச்சல், ஆபரேஷன், விபத்து என்றால் நம் சபையார் ஓடி வருவார்கள். சமைத்துக் கொண்டு வருவார்கள், ஆஸ்பத்திரியில் காவல் இருப்பார்கள், டிஸ்சார்ஜ் ஆனதும் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு ஒரு சாட்சியும் சொல்லி முடித்துவிடலாம். முடியாத நோய்க்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. முதல் வருடம் எல்லோரும் விசாரிப்பார்கள். மூன்றாவது வருடம் "இன்னுமா சரியாகல?" என்று கேட்பார்கள். அதற்கப்புறம் என்ன கேட்பது என்று அவர்களுக்கே தெரியாமல் ஒதுங்கிப்போவார்கள். மனதில் அன்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக முடிகிற கதையை மட்டுமே அவர்களுக்குக் கேட்டுப் பழக்கம்.

இன்னொரு வகை ஆட்களும் உண்டு. ஒரு வீட்டு ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், என் வீட்டுக்காரர் முன்னாலேயே, "குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்குமாம்மா?" என்று கேட்டார். பிறகு, விசுவாசம் இருந்தால் மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள் என்றார். நான் எறியவில்லை. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்களும் இதையேதான் கேட்கிறார்கள். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார். அவரே முடித்து வைத்த கேள்வியை நோயாளியின் வீட்டு நடுக்கூடத்தில் மறுபடி திறக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதனால் உயிர்கள் போகின்றன. பவுல் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்கிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார், அது அந்தக் காலத்து மருந்து. தன் உடன் ஊழியரான துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று சங்கடமே இல்லாமல் எழுதுகிறார். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அதே பவுல்தான். தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று எந்த ஊழியக்காரர் சொல்லப்போகிறார்?

நான் வாரம் ஒருமுறை நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறேன், கூடவே ஃபோலிக் ஆசிட். கல்லீரல் எப்படி இருக்கிறது, ரத்த அணுக்கள் குறைகிறதா என்று அவ்வப்போது ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை போட்ட மறுநாள் எனக்குக் குமட்டலாக இருக்கும். முதலில் அது ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் போக முடியவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் நான் சொன்னதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாமல், வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு மாற்றிக் கொடுத்தார். இப்போது சனிக்கிழமை படுத்துக்கொள்வேன், ஞாயிறு காலை ஆராதனையில் இருப்பேன். மருந்தும் விசுவாசமும் ஒன்றையொன்று இடிக்காமல் என் வாரத்துக்குள் அடங்கிப்போயின.

சரி, விசுவாசம் எனக்கு என்ன செய்தது? முதலாவது, கடவுளிடம் குறை சொல்ல இடம் கொடுத்தது. எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்து ஸ்தோத்திரத்தில் முடியும். என் அம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு மணிக்கட்டு வலியில் விழித்துக் கிடக்கிறவளுக்கு ஸ்தோத்திரம் வாயில் வராது. அப்போது எனக்குக் கைகொடுத்தது சங்கீதங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று பதின்மூன்றாம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் அதைவிடக் கடுமை. மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும். இதில் அப்படி ஒன்றும் வராது, இருட்டிலேயே முடிந்துவிடும். ஆனாலும் அதை வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நான் அழுதுகொண்டு பேசுவதும் ஜெபம்தான் என்று அந்தச் சங்கீதம் எனக்குச் சொன்னது. புத்தகத்தைப் பிடிக்க விரல் ஒத்துழைக்காத ராத்திரிகளில் போனில் வேதவாசிப்பை ஓடவிட்டுக் கேட்பேன். சில நாள் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். சில நாள் ஒரு வசனமும் மனதில் ஒட்டாது. அந்த நாட்களை விசுவாசம் இல்லாத நாட்கள் என்று நான் கணக்கு வைப்பதில்லை.

நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத் தெரியாமல் இருக்காது. அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியாவுக்கு வந்து, டோனாவூரில் பெண்குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்து வளர்த்தவர். ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். 1931இல் அவர் கீழே விழுந்து அடிபட்டதும், அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறையிலேயே முடங்கிக் கிடந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் சுகமாக வேண்டும் என்று ஜெபிக்க டோனாவூரில் ஆட்களா குறைவு? சுகம் வரவில்லை. ஆனால் அந்தக் கட்டிலிலிருந்தே எழுதினார், பிள்ளைகளுக்குக் குறிப்புகள் எழுதி அனுப்பினார், நோயாளிகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். வெளியே நின்று உடல்நலத்தோடு இருப்பவர்கள் அனுப்புகிற ஆறுதல் நோயாளிக்குள் இறங்காது என்பதைப் படுத்துக்கிடந்து தெரிந்துகொண்டவர் அவர். அவருடைய ஊழியத்தில் அந்த இருபது வருடத்தையும் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். ஞாயிறு பள்ளியில் அதையும் சொல்லிக் கொடுத்தால், நாளைக்கு நோயில் விழப்போகிற பிள்ளைகளில் ஒருவருக்காவது பயன்படும்.

இப்போது சபை. மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். படுத்திருந்தவன் வாயைத் திறந்ததாகவே அங்கே எழுதியில்லை. தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்துத்தான் இயேசு அவனோடு பேச ஆரம்பிக்கிறார். எனக்கு ஜெபிக்கத் தெம்பில்லாத நாட்களில் எனக்காக வேறு சிலர் விசுவாசித்துக்கொண்டிருக்கிறார்கள். சபை ஐக்கியம் என்பதன் முழு அர்த்தத்தையும் நான் அந்தக் கூரைக்குக் கீழேதான் கற்றுக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்த அந்த நாலு பேரில் ஒருவர் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மா ஒருவர். எழுபதைத் தாண்டியவர். சங்கத்தில் என் பெயரைச் சொல்லி ஜெபித்த பிறகு நேரே வீட்டுக்கு வந்தார். "ஏட்டி, ஒனக்கு எந்த வேலைதான் முடியல? அதச் சொல்லு மொதல்ல" என்றார். எனக்குச் சொல்லக் கூச்சம். "ஒண்ணுமில்ல பெரியம்மா, சமாளிச்சுக்கிடுதேன்" என்றேன். "சமாளிக்கது எனக்குத் தெரியும். தேங்கா திருவ முடியுதா?" என்று கேட்டார். முடியவில்லை. திருவலையை அழுத்திப் பிடிக்கவே மணிக்கட்டு விடாது. அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வருகிறார். நான் குமட்டலோடு படுத்திருப்பேன். அவர் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து தேங்காயைத் திருவி, சின்னச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் அடுக்குவார். பூண்டு உரித்து வைப்பார். மூடிகளை இறுக்காமல் சும்மா மேலே வைத்துவிட்டுப் போவார், நான் திறக்க வேண்டுமே என்று. போகும்போது என் கட்டில் பக்கம் நின்று நாலு வரி ஜெபம். சுகத்தைக் கொடும் ஆண்டவரே என்றும் கேட்பார், நாளைக்குக் காலையில் இவள் கையை லேசாக்கும் என்றும் கேட்பார். அந்த இரண்டாவது விண்ணப்பத்தை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

எங்கள் ஐயரும், அதாவது சபைப் போதகரும், ஒரு நல்ல காரியம் செய்தார். திருவிருந்துக்குப் பீடத்தண்டை முழங்காலில் நிற்பது எனக்கு முடியாது, நின்றால் எழ முடியாது. அதனாலேயே சில மாதம் திருவிருந்து ஞாயிறுகளில் பின்னால் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் சொல்லி அவருக்குத் தெரிந்தது. அடுத்த திருவிருந்தில் எல்லோருக்கும் கொடுத்து முடித்து, அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு என் பெஞ்சுக்கே வந்தார். ஆராதனை முடிந்ததும், "முடியாதவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், நான் வருகிறேன்" என்று பொதுவாக அறிவித்தார். அடுத்த மாதம் பார்த்தால் அப்படி உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்தாறு பேர். அத்தனை பேரும் அதுவரை எங்கே இருந்தார்கள் என்று நினைத்து எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயாளிக்கு எல்லோரும் உதவி மட்டும் செய்துகொண்டே இருந்தால், அவள் சபைக்கு ஒரு பாரமாகத் தன்னை நினைக்க ஆரம்பித்துவிடுவாள். கோயிலில் எல்லோருக்கும் விருந்து போடும் அசன வேலைக்கு முன்பெல்லாம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து காய் வெட்டுவேன். அது நின்றபோது எனக்கு ஏற்பட்ட வெறுமையை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சங்கத்துச் செயலாளர் அக்காதான் கண்டுகொண்டு, கோயிலுக்கு வர முடியாத முதியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், பக்கவாதத்தில் கிடப்பவர்கள் பட்டியலை என்னிடம் கொடுத்து, போனில் பேசுங்கள் டீச்சர் என்றார்கள். அதற்குக் கை வேண்டாம், வாய் போதும். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டது மாதிரி. அந்த நேரத்தில் கூப்பிட்டால் சந்தோஷமாகப் பேசுவார்கள். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியிருப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். நான் வசனம் எடுத்துக் கொடுப்பதைவிட, எனக்கும் இப்படித்தான் என்று சொல்லும்போது அவர்கள் குரலே மாறுவதைக் கேட்டிருக்கிறேன்.

இனி உங்களுக்கு. "விசுவாசியுங்கள்" என்று சொல்கிறவர்களிடம் கோபப்பட வேண்டாம், ஆனால் அவர்களிடம் எதிர்பார்த்து நிற்கவும் வேண்டாம். சபை முழுவதும் உங்களைப் புரிந்துகொள்ளாது, இரண்டு பேர் புரிந்துகொண்டால் போதும். அந்த இரண்டு பேரிடம் 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல், இந்த நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட வாருங்கள், இந்த வாரம் பிள்ளையை டியூஷனில் விட்டுவிடுங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். பலர் என்ன செய்வது என்று தெரியாமல்தான் சும்மா இருக்கிறார்கள். நோயைக் காட்டி உங்களைக் குற்றவாளி ஆக்குகிற சபையாக இருந்தால், வேறு சபைக்குப் போவதில் பாவம் இல்லை. மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், யார் எந்த வசனத்தைக் காட்டினாலும் சரி. இப்படிப்பட்ட நோய்களோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சகஜம். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்தால், ஐயரிடம் சொல்வதோடு நிற்காமல் டாக்டரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டான்.

அப்புறம், வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறோம் என்று சபையார் கேட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பத்து நிமிடம் போதும், எனக்கு உட்கார முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன், இதுவரை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.