மிஸ்ஸியிடம் கேளுங்கள்: பெருந்தொற்றும் மனநல மருந்தும்

(கோலாலம்பூர் மனநலப் பிரிவில் தாதியாக (இங்கே ‘மிஸ்ஸி’ என்பார்கள்) இருந்து ஓய்வுபெற்ற நான், குடும்பத்தார் கேட்டவற்றுக்குச் சொன்னவை.)

கேள்வி: மிஸ்ஸி, என் மகனுக்கு மனச்சிதைவு நோய். 2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் மருத்துவமனைக்குப் போகப் பயந்து மருந்தை விட்டுவிட்டோம். இரண்டு மாதம் நன்றாக இருந்தான். பிறகு முற்றிவிட்டது. தவறு எங்களுடையதா? (செந்தூல்)

பதில்: உங்களை நொந்துகொள்ளாதீர்கள், அம்மா. அந்த ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் 130 நாடுகளில் விசாரித்தது. 93 விழுக்காட்டு நாடுகளில் மனநலச் சேவை தடைப்பட்டிருந்தது. அந்த இரண்டு மாதம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. மருந்தை நிறுத்திய மறுநாளே, நோயாளியின் காதில் மட்டும் கேட்கும் அந்தக் குரல்கள் திரும்புவதில்லை. வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் கெடும். இரண்டு இரவு கண்மூடாமல் நடந்துகொண்டிருந்தால் உடனே கிளினிக்கை அழையுங்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்தைத் தபாலில் பெறும் வசதி உண்டு, கேட்டு வாங்குங்கள். இரண்டு வார மருந்து எப்போதும் கைவசம் இருக்கட்டும். மகன் எடுப்பது குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்து என்றால் இரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. இரண்டு நாளுக்குமேல் விட்டுப்போனால் பழைய அளவில் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

கேள்வி: கணவர் மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்து எடுக்கிறார். கோவிட் காய்ச்சலில் கை நடுங்கியது. (கிள்ளான் சாலை)

பதில்: காய்ச்சல், வாந்தி, பேதியால் உடல் நீர் வற்றினால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் மாத்திரை வேண்டாம், அதுவும் ஏற்றிவிடும், பாராசிட்டமால் போதும். நடுக்கம் கூடி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். காலை வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மனநோயாளிக்குத் தடுப்பூசி போடலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: அவசியம் போடுங்கள். கோவிட் கடுமையாகக்கூடியோர் பட்டியலில் மனச்சோர்வையும் மனச்சிதைவையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் சேர்த்தது.

கேள்வி: தம்பி வேலை போனதிலிருந்து “இருந்து என்ன பயன்” என்கிறான். வெளியே சொன்னால் போலீஸ் வருமே என்று அம்மா அழுகிறார். (கெப்போங்)

பதில்: போலீஸ் பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்றிரவே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “சாக நினைக்கிறாயா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரைகளை நீங்கள் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை கொடுங்கள். மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் பெஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பினர் இரவு பகலாகத் தொலைபேசியில் பேசுவார்கள். சாக நினைப்பதாக அவன் சொன்னால் அவனைத் தனியே விடாதீர்கள். மருத்துவமனைக்கு நீங்களே உடன் செல்லுங்கள்.