தலைவர் ராக்கெட் ஏறிவிட்டார்: வாசகர் கேள்வி - பதில்

கே: முதுகலை ஆய்வுக்கு ஒரு சஸ்பென்ஸ் நாவலை எடுத்திருக்கிறேன். பதவியில் இருக்கும் அரசியல்வாதி விண்வெளிக்குப் போகும் கதை, எழுதியது இரண்டு பேர். எந்த அத்தியாயம் யாருடையது என்று பிரித்துக் காட்டினால் ஆய்வு கனமாக இருக்குமா?

ப: பக்கம் கூடும், விஷயம் கூடாது. இருவர் எழுதினால் ஆளுக்குப் பாதி என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். துப்பறியும் கதைகள் எழுதிய எல்லரி குயீன் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்த இருவரில் பெரும்பாலும் பிரெடரிக் டானே கதைத் திட்டத்தை விரிவாகப் போட்டுக் கொடுப்பார், மான்ஃபிரெட் லீ அதை நாவலாக எழுதுவார். இதில் ஒரு பக்கத்தைக் காட்டி யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வது?

அதை விடுங்கள். சஸ்பென்ஸில் தேட வேண்டியது யாருக்கு எது எப்போது தெரிகிறது என்பதை. நோட்டில் மூன்று கட்டம் போட்டு வாசகர், மேலே போனவர், கீழே இருப்பவர்கள் என்று எழுதி, ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் நிரப்பிக்கொண்டே வாருங்கள். கலத்தில் காற்று கசிவது நமக்கு நாலாம் அத்தியாயத்திலேயே தெரிந்து, தலைவருக்கு ஒன்பதில்தான் தெரிகிறது என்றால், நடுவில் அவர் மிதந்தபடி சிரித்துச் சிரித்துப் பேட்டி கொடுக்கிற சாதாரணக் காட்சிகூட நம்மை நகம் கடிக்க வைக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அது வெறும் அதிர்ச்சி, இரண்டு பக்கம் தாங்கும். அப்புறம், தனக்குத் தெரிய வழியே இல்லாத ஒன்றை ஒரு பாத்திரம் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறதா என்று பாருங்கள். இருவராகச் சேர்ந்து எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

கே: பதவியில் இருக்கும்போதே யாராவது நிஜமாகப் போயிருக்கிறார்களா?

ப: போயிருக்கிறார்கள். அமெரிக்க செனட்டர் ஜேக் கார்ன் 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடத்தில் போய்க் குமட்டலில் படாதபாடு பட்டார். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பில் நெல்சன் 1986 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடத்தில் போய் 18ஆம் தேதி இறங்கினார். பத்தே நாளில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியது. 1962இல் பூமியைச் சுற்றிய ஜான் கிளென், செனட்டராக 1998இல் தமது 77 வயதில் மறுபடி போனார்.

உங்கள் ஆய்வுக்குத் தீனி முதல் இருவரிடம்தான். அப்போது நாசாவுக்குப் பணம் ஒதுக்கும் செனட் துணைக்குழுவுக்கு கார்ன் தலைவர், சபையின் விண்வெளித் துணைக்குழுவுக்கு நெல்சன் தலைவர். பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருப்பவரே பயணியாக வந்து நின்றால், 'இன்றைக்கு வேண்டாம், எஞ்சினில் சந்தேகம்' என்று சொல்ல எந்தப் பொறியாளருக்கு வாய் வரும்? வில்லனே இல்லாமல் பாதி நாவல் ஓடும்.

கே: அறிவியல் விவரங்களைச் சரிபார்க்க வேண்டுமா?

ப: கதை எதன்மேல் நிற்கிறதோ அதை மட்டும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 90 நிமிடம், அதில் இருட்டு அதிகம் போனால் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. 'இரவு முழுக்க விழித்திருந்து காவல் காத்தான்' என்று வந்தால் பென்சிலை எடுங்கள். அங்கே தரையோடு பேசும் வழக்கமான பேச்சு கீழே கட்டுப்பாட்டு அறையில் கேப்காம் என்ற பொறுப்பில் இருக்கும் ஒருவர் வழியாகப் போகும், அறை முழுக்கக் கேட்கும். கீழே ஒரே போனில் காரியம் முடிக்கிற தலைவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? நாவல் இதைப் பயன்படுத்தியிருக்கிறதா, அல்லது அவர் கையில் எப்போதும் ரகசிய போன் ஒன்றைத் திணித்துத் தப்பித்துக்கொள்கிறதா? இதற்கே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

கே: முடிவை ஆய்வேட்டில் சொல்லிவிடலாமா?

ப: முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். தேர்வாளரை சஸ்பென்ஸில் வைத்தால் மதிப்பெண்ணும் சஸ்பென்ஸாகிவிடும்.