அமெரிக்காவில் டிரக் ஓட்டுநர் போதைச் சோதனையில் தோற்றால் மறுபடி வண்டி ஓட்ட முடியுமா?

உங்கள் தம்பி டெக்சாஸில் டிரக் ஓட்டுகிறார். போன வாரம் கம்பெனி எடுத்த ரேண்டம் சோதனையில், அதாவது முன்னறிவிப்பில்லாமல் யாரையாவது தேர்ந்தெடுத்து எடுக்கும் சோதனையில், கஞ்சா பாசிட்டிவ் என்று வந்துவிட்டது, சாவியை வாங்கிக்கொண்டார்கள். இனி ஓட்டவே முடியாதா, இல்லை வேறு மாநிலத்துக்குப் போய் வேறு கம்பெனியில் சேர்ந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மறுபடி ஓட்ட முடியும். அதற்கு வழி சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. வேறு கம்பெனி யோசனையை மட்டும் இன்றைக்கே விட்டுவிடச் சொல்லுங்கள்.

நான் கலிபோர்னியாவில், ஃப்ரெஸ்னோ பக்கம், நாற்பது வண்டி ஓடும் ஒரு டிரக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். யாரைச் சோதனைக்கு அனுப்புவது, முடிவை வாங்குவது, தோற்றவரை வண்டியிலிருந்து இறக்குவது எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அதனால் இதை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த வேறு கம்பெனி விஷயம். 2020 ஜனவரி 6 முதல் கிளியரிங்ஹவுஸ் என்று ஒரு மத்திய அரசுப் பதிவேடு நடக்கிறது. வணிக ஓட்டுநர் உரிமம், அதாவது சி.டி.எல். வைத்திருப்பவர் சோதனையில் தோற்றாலோ சோதனைக்கு மறுத்தாலோ அது அங்கே பதிவாகும். புது டிரைவரை எடுக்கும் எந்தக் கம்பெனியும், அது அலாஸ்காவில் இருந்தாலும் சரி, முதலில் அந்தப் பதிவேட்டில் தேடியாக வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை தேட வேண்டும். ஒரு தேடலுக்கு 1.25 டாலர். தேடினால் உங்கள் தம்பி பெயருக்கு எதிரே 'தடை' என்று நிற்கும். முன்பெல்லாம் ஒரு கம்பெனியில் தோற்றவர் அதைச் சொல்லாமல் அடுத்த கம்பெனியில் ஏறிவிடுவார். அதை நிறுத்தத்தான் இதைக் கொண்டுவந்தார்கள்.

2024 நவம்பர் 18 முதல் இன்னொரு விதியும் சேர்ந்துவிட்டது. தடை நிலையில் இருப்பவரின் உரிமத்தை, தகவல் கிடைத்த 60 நாளுக்குள் மாநிலம் சாதாரண உரிமமாக இறக்கிவிட வேண்டும். அதாவது தம்பி சும்மா உட்கார்ந்திருந்தால் வேலையோடு சேர்ந்து உரிமமும் போகும். அதனால்தான் நாளைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன், அதிலேயே பாதி நடைமுறை புரிந்துவிடும். 2023-இல் ஒரு பஞ்சாபி பெரியவர், ஐம்பத்தெட்டு வயது, இருபது வருஷமாக விபத்தே இல்லாமல் ஓட்டியவர், ரேண்டமில் மாட்டினார். நான் அவரை அங்கிள்ஜி என்று கூப்பிடுவேன், அவர் என்னை பேட்டி என்பார், மகளே என்று அர்த்தம். இடுப்பு வலிக்கு யாரோ கொடுத்த கஞ்சா மிட்டாயை இரவில் தூங்குவதற்காகச் சாப்பிட்டிருக்கிறார். கலிபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் இருபத்தொரு வயதானவருக்குக் கடையிலேயே கிடைக்கிறது. கடையில் விற்பதைச் சாப்பிட்டால் என்ன தப்பு என்று நிஜமாகவே நினைத்திருக்கிறார். சி.டி.எல். வைத்திருப்பவருக்கு மத்திய அரசின் விதிதான் பொருந்தும். மாநிலம் அனுமதித்தாலும், டாக்டர் சீட்டு கொடுத்தாலும், கஞ்சாவுக்கு அதை ஒரு காரணமாக ஏற்க மாட்டார்கள். கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெயைத் தடவினேன் என்பதும் செல்லாது.

கனடாவில் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருந்து எல்லை தாண்டி லோடு எடுத்துவரும் நம் ஆட்களும் இதைப் படித்தால் நல்லது. கனடாவில் 2018-இலேயே கஞ்சா சட்டப்படி ஆகிவிட்டது. ஆனால் அமெரிக்காவுக்குள் ஓட்டுகிறவருக்கு அமெரிக்கச் சோதனைதான்.

ஆய்வகத்தில் சிறுநீரில் கஞ்சாவின் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். முதல் சோதனைக்கு வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிப்படுத்தும் இரண்டாவது சோதனைக்கு 15. அடிக்கடி எடுப்பவர் உடம்பில் அதன் மிச்சம் வாரக் கணக்கில் தங்கும். வண்டி ஓட்டும்போது போதையில் இருந்தாரா என்பதை இந்தச் சோதனை காட்டாது, எடுத்தாரா என்பதை மட்டுமே காட்டும். டிரைவர்கள் இதைச் சொல்லி வருத்தப்படுவார்கள், அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விதி ஏன் இவ்வளவு கறாராக வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்தில் சேஸ் என்ற இடத்தில் சரக்கு இன்ஜின்கள் சிக்னலைத் தாண்டிப் பாதைக்குள் வந்து நின்றன. வேகமாக வந்த பயணிகள் ரயில் அவற்றில் மோதி 16 பேர் இறந்தார்கள். அந்த இன்ஜின் ஊழியர்கள் கஞ்சா புகைத்திருந்தது பிறகு தெரிந்தது. ரயில், லாரி, பஸ், விமானம் எல்லாவற்றுக்கும் சோதனையைக் கட்டாயமாக்கிய 1991-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இப்படி உயிர் போன கதைகள்தான் பின்னணி.

சரி, பெரியவர் கதைக்கு வருகிறேன். ஆய்வக முடிவு நேராக எங்களிடம் வராது. முதலில் எம்.ஆர்.ஓ. என்கிற மருத்துவர் பார்ப்பார். அவர் டிரைவரைக் கூப்பிட்டு, இந்த முடிவுக்கு மருத்துவக் காரணம் ஏதாவது உண்டா என்று கேட்பார். அந்த அழைப்பை எடுக்காமல் விடுவது பெரிய தவறு, எடுக்காவிட்டாலும் பாசிட்டிவ் என்றே முடிவாகிவிடும். சிறுநீரை எடுக்கும்போதே 30 மில்லி, 15 மில்லி என்று இரண்டு புட்டிகளில் பிரித்து வைத்திருப்பார்கள். முடிவில் சந்தேகம் இருந்தால், எம்.ஆர்.ஓ. முடிவைச் சொன்ன நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது புட்டியை வேறு ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லலாம். உங்கள் தம்பிக்கு அந்தக் கெடு முடிந்திருக்கும். எடுத்தது உண்மைதான் என்றால் அதை நினைத்து வருந்த ஒன்றும் இல்லை.

பெரியவர் சாவியைக் கொடுத்த நாள் கண்ணிலேயே நிற்கிறது. கேபினிலிருந்து ஒரு ஃப்ளாஸ்க், ஒரு போர்வை, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த குரு நானக் படம், மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு என் அறையில் உட்கார்ந்திருந்தார். "பேட்டி, என் பையனுக்கு என்ன சொல்வேன்?" என்று மட்டும் கேட்டார். போதைப் பழக்கத்தை மதிப்பிடும் எஸ்.ஏ.பி. என்கிற நிபுணர்களின் பட்டியலை நான் அவர் கையில் கொடுத்தேன். கம்பெனி வேலையை விட்டு நீக்கினாலும் இந்தப் பட்டியலை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் தம்பிக்குக் கொடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எஸ்.ஏ.பி. என்பவர் இதற்கென்று அரசு விதிப்படி தகுதி பெற்றவர். மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், சான்று பெற்ற ஆலோசகர் என்று யாராகவும் இருக்கலாம். கிளியரிங்ஹவுஸில் தம்பி பதிவு செய்துகொண்டு, தன் எஸ்.ஏ.பி. யார் என்று அதில் தானே குறிக்க வேண்டும். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. எஸ்.ஏ.பி.யை முதல் வாரத்திலேயே கூப்பிட்டவர்கள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் வரவில்லை. நாட்டில் தடை நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த முதல் படியையே தொடங்காதவர்கள்தான். எங்களிடம் இருந்த ஓர் இளைஞர், இருபத்தெட்டு வயது, நல்ல ஓட்டுநர், 'அப்புறம் பார்க்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

எஸ்.ஏ.பி. உங்கள் தம்பியின் வக்கீலும் இல்லை, கம்பெனியின் ஆளும் இல்லை. சாலையில் போகிற மற்றவர்களின் பாதுகாப்புக்காக இருப்பவர். முதல் சந்திப்பில் நீளமாகப் பேசுவார், இப்போது வீடியோ வழியாகவும் அனுமதி உண்டு. பேசி முடித்ததும் வகுப்பு அல்லது சிகிச்சை, இரண்டில் ஏதாவது ஒன்றை விதித்தே தீருவார். 'உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை' என்று யாருக்கும் சொல்ல விதியில் இடமில்லை. அவர் சொன்னது பிடிக்கவில்லை என்று இன்னொரு எஸ்.ஏ.பி.யிடம் போகவும் முடியாது. அதனால் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது. ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன் என்று சாதித்து, பிறகு பேச்சு மாறி, நாலு வகுப்பில் முடிந்திருக்க வேண்டியதை நீண்ட சிகிச்சையாக இழுத்துக்கொண்டவரையும் எனக்குத் தெரியும். நிஜமாகவே பழக்கம் பிடித்திருந்தால் அந்தச் சிகிச்சை தம்பிக்கு வேண்டியதுதான், அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம்.

பெரியவருக்கு எட்டு வாரம் குழு வகுப்பு. அதுவரை அவரை வண்டி ஓட்டாத வேலையில், யார்டில் டிரெய்லர் எண் எழுதும் இடத்தில் வைத்திருந்தோம். எல்லாக் கம்பெனியும் இப்படி வைத்துக்கொள்ளாது. சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எஸ்.ஏ.பி., வகுப்பு, சோதனை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் டிரைவரே காசு கட்ட வேண்டியிருக்கும். எஸ்.ஏ.பி. கட்டணமே சில நூறு டாலர் வரும், அதைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வகுப்பு முடிந்ததும் எஸ்.ஏ.பி. மறுபடி பார்த்து, சொன்னதைச் செய்திருக்கிறார் என்று பதிவேட்டில் குறிப்பார். அதற்குப் பிறகுதான் வேலைக்குத் திரும்பும் சோதனை. அதற்குத் தம்பியே நேராகப் போய்ச் சிறுநீர் கொடுத்துவிட முடியாது, ஒரு கம்பெனி அனுப்ப வேண்டும். சொந்த வண்டி வைத்துத் தனியாக ஓட்டுபவரென்றால் அவர் சேர்ந்திருக்கும் சோதனை ஏற்பாட்டு நிறுவனம் அனுப்பும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பழைய கம்பெனி நீக்கிவிட்டால், சோதனைக்கு அனுப்பச் சம்மதிக்கும் புதுக் கம்பெனியைத் தேட வேண்டும். வகுப்பு நடக்கும்போதே தேட ஆரம்பிக்கட்டும். ஒளிக்காமல் நேராகச் சொல்லிக் கேட்டால் எடுக்கிற சிறிய கம்பெனிகள் இருக்கின்றன. பல கம்பெனிகள் காப்பீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுக்கும். நாலு இடத்தில் மறுத்தால் ஐந்தாவது இடத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சோதனையைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிறுநீர் கொடுக்கும்போது ஓர் ஆண் ஊழியர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கி, கீழாடையை இறக்கி, ஒரு சுற்று திரும்பிக் காட்ட வேண்டும். உடம்பில் எதையும் கட்டி மறைத்து வைக்கவில்லை என்று பார்ப்பதற்காக. பெரியவர் அன்று மாலை என்னிடம் வரவே கூச்சப்பட்டார். முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் மனசைத் தயார் செய்திருப்பார். அதை அவரிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. அங்கே நடுவில் எழுந்து வந்துவிட்டால் அதுவே மறுப்பு, அதாவது மறுபடி முதலிலிருந்து. சிறுநீர் வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம், தண்ணீர் குடிக்க மூன்று மணி நேரம் கொடுப்பார்கள்.

முடிவு நெகட்டிவ் என்று வந்து, கம்பெனி அதைப் பதிவேட்டில் ஏற்றியதும் 'தடை' நீங்கிவிடும். உரிமம் இறங்கியிருந்தால் மாநில அலுவலகத்தில் கேட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். பெரியவருக்கு, சாவியைக் கொடுத்த நாளிலிருந்து மறுபடி வாங்கிய நாள் வரை, மூன்று மாதமும் சில நாட்களும் ஆனது.

வேலைக்குத் திரும்பியதோடு முடிந்துவிடாது. முதல் பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது ஆறு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், அதே மாதிரி ஆள் பார்க்கும் சோதனை நடக்கும். எஸ்.ஏ.பி. நினைத்தால் மொத்தம் ஐந்து வருஷம் வரை நீட்டலாம். எத்தனை முறை, எவ்வளவு காலம் என்ற திட்டத்தைக் கம்பெனிக்கு மட்டும்தான் அனுப்புவார், டிரைவருக்குக் காட்டக் கூடாது. நடுவில் கம்பெனி மாறினாலும் திட்டம் அவரோடு போகும். பழைய பதிவும் ஐந்து வருஷம், அல்லது இந்தத் தொடர்சோதனைகள் முடியும் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை பதிவேட்டில் இருக்கும்.

பெரியவரின் திட்டம் என் மேஜையின் பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. தேதிகளை முடிவு செய்வதும் நான்தான். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, மகன் பட்டமளிப்பு விழாவுக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று உற்சாகமாக வந்து சொன்னார். அன்றைய தேதியை நான் முன்பே குறித்து வைத்திருந்தேன். மாற்றினால் யாருக்கும் தெரியாது. மாற்றவில்லை. படிவத்தை நீட்டினேன். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார், "சரி பேட்டி, இப்போதே போய்விட்டு வந்துவிடுகிறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விழாவுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். திங்கட்கிழமை ரீனோவுக்கு லோடு ஏற்றிப் போகும்போது என் மேஜையில் ஒரு டப்பா லட்டு வைத்துவிட்டுப் போனார்.

தம்பி இன்று செய்ய வேண்டியது, கிளியரிங்ஹவுஸில் பதிவு செய்துவிட்டு, எஸ்.ஏ.பி. பட்டியலில் இருக்கும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு முதல் சந்திப்பு எந்தத் தேதியில் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, வீடியோவில் பார்ப்பார்களா என்று கேட்பது. டிரக், பஸ் ஓட்டுநர்களுக்கான அரசு விதிப்படியான எஸ்.ஏ.பி. தானா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். சாதாரண போதை ஆலோசகர் கொடுக்கும் சான்றிதழை இதற்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு ஏதாவது சிக்கல் வந்தால் கருத்தில் கேளுங்கள், எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதுகிறேன்.